செவி 350, எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டர்: 8 டிகிரியில் சூடு, 20 டிகிரியில் தட்டல்

மணல்காற்று (ஷார்ஜா)
வணக்கம். வண்டி 70களின் கமாரோ. இன்ஜின் செவி ஸ்மால் பிளாக் 350, கம்ப்ரஷன் 9.5. கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 0.050 அங்குலத் தூக்கலில் 224/230 டிகிரி, லோப் இடைவெளி 110. 600 சிஎஃப்எம் ஹோலி கார்புரேட்டர், புகை வெளியேற்றும் ஹெடர், டிஎச்350 ஆட்டோ கியர்பாக்ஸ். ப்ளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் எச்இஐ, அதாவது பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் வகை. வேக்கம் ஹோஸ் (இன்ஜின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளுவது) கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே இருக்கும் துளையில் மாட்டியிருக்கிறது.

பானெட்டுக்குள் இருக்கும் பழைய ஸ்டிக்கர் டைமிங் 8 டிகிரி என்கிறது, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் 8 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே ப்ளக் தீப்பொறி. 8 வைத்தால் டிராஃபிக்கில் 105 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறுகிறது. ராத்திரியில் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விட்டால் ஹெடர் குழாய் சிவக்கிறது. ஐட்லிங் மிக்ஸர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் இன்ஜின் கண்டுகொள்வதே இல்லை. 20 வைத்தால் ஊருக்குள் அருமையாக இழுக்கிறது. ஆனால் ஜெபல் ஹஃபீத் மலை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் 2500 ஆர்பிஎம் வாக்கில் தட்டுகிறது (பெட்ரோல் தானாகவே வெடிக்கும் சத்தம்). பெட்ரோல் ஸ்பெஷல் 95. இரண்டுக்கும் நடுவில் 14 வைத்துவிடலாமா?

ஸ்பேனர்916
நடுவில் வைப்பது பேரம் பேசுவது தம்பி, டைமிங் வைப்பது இல்லை. முதலில் அந்த ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். அது ஃபேக்டரி கேம், ஃபேக்டரி கார்புரேட்டர், அந்தக் காலப் புகைச் சட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒட்டியது. 224 கேமில் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். ஐட்லிங்கில் எரிந்த காற்று உள்ளேயே தங்கி அடுத்த சார்ஜோடு (காற்று, பெட்ரோல் கலவை) கலக்கும். கலந்த சார்ஜ் மெதுவாக எரியும், அதனால் நெருப்பை முன்னாடியே வைக்க வேண்டும்.

இனிஷியல், அதாவது ஐட்லிங்கில் இருக்கும் டைமிங், மட்டும் பார்த்து வைப்பதுதான் தப்பு. இந்த இன்ஜினில் முதலில் பூட்ட வேண்டியது டோட்டல், அதாவது இனிஷியலும், வேகம் கூடக் கூட டிஸ்ட்ரிபியூட்டர் வெயிட் விரிந்து தரும் மெக்கானிக்கலும் சேர்ந்தது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு 34 முதல் 36. வோர்டெக் மாதிரி வேகமாக எரிக்கும் ஹெட்டுக்கு 32 போதும்.

இப்படி அளந்து எழுதுங்கள்: வேக்கம் ஹோஸைக் கழற்றி வாயை அடைத்துவிடுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கட்டும். டைமிங் லைட் கிளிப்பை 1ஆம் ப்ளக் வயரில், அம்புக்குறி ப்ளக்கைப் பார்க்க, பக்கத்து வயர் தொடாமல் மாட்டுங்கள். 750, 1000, 1500, 2000 என்று ஏற்றி, டிகிரி ஏறாமல் நிற்கும் இடம் வரை குறியுங்கள். ஃபேன் சுற்றும் தளத்துக்கு நேரே நிற்காதீர்கள். லைட் வெளிச்சத்தில் ஃபேன் மெல்லச் சுற்றுவது போலவே தெரியும், கை தானாக உள்ளே போய்விடும்.

மணல்காற்று
இனிஷியல் 20இல் வைத்து எடுத்தது, ஹோஸ் அடைத்து:
750: 20
1000: 24
1500: 33
2000: 41
2300: 46
அதற்கு மேல் ஏறவில்லை.

கணக்குவாத்தியார்
டிகிரியை நேரமாக மாற்றிப் பார்த்தால் விஷயம் விளங்கும். 800 ஆர்பிஎம்மில் கிராங்க் வினாடிக்கு 4800 டிகிரி சுற்றுகிறது. 12 டிகிரி என்றால் 2.5 மில்லிசெகண்ட். 3000இல் வினாடிக்கு 18000. 36 டிகிரி என்றால் 2 மில்லிசெகண்ட். எரிய ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதேதான், அதற்குள் கிராங்க் அதிக தூரம் ஓடிவிடுகிறது. அந்த ஓட்டத்துக்கு ஈடு கட்டத்தான் வெயிட். 3000க்கு மேல் கூடுதல் அட்வான்ஸ், அதாவது நெருப்பை இன்னும் முன்னே தள்ளுவது, ஏன் தேவைப்படுவதில்லை என்றால், வேகம் கூடக் கூட உள்ளே சுழலும் காற்றின் கொந்தளிப்பும் கூடி, எரிதலும் சேர்ந்து வேகமாகிறது.

இலக்கு ஒன்றுதான்: சிலிண்டர் அழுத்தத்தின் உச்சம் டிடிசி (பிஸ்டன் மேல் உச்சியைத் தொடும் புள்ளி) தாண்டி ஏறக்குறைய 14 முதல் 16 டிகிரிக்குள் விழ வேண்டும். முன்னாலேயே விழுந்தால் மேலே வரும் பிஸ்டனின் தலையில் அடி. பின்னால் விழுந்தால் வெப்பம் வேலை செய்யாமல் ஹெடருக்குப் போய்விடும். உங்கள் குழாய் சிவப்பது அந்த வெப்பம்தான்.

ஸ்பேனர்916
அளவு போட்டதற்கு நன்றி. எனக்கு இதில் ஒரு கணக்கு உதைக்கிறது. நிஜமாகவே 46 டோட்டல் இருந்தால் 95 பெட்ரோலில், அந்த ஊர் வெயிலில், ஏற்றத்தில் மட்டுமா தட்டும்? சமதளத்தில் மிதித்தாலே கொட்டு மேளம் கேட்கும். அதே போல நிஜமாகவே 8 இருந்தால் சூடு ஏறும், சரி. ஆனால் பத்து நிமிஷ ஐட்லிங்கில் ஹெடர் சிவப்பது 2, 3 டிகிரிக்காரன் குணம்.

இரண்டு அறிகுறியும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: உங்கள் லைட் காட்டுவதை விட நிஜம் குறைவு. டயல் வைத்த லைட் என்றால் டயலை 0இல் வைத்து இன்னொரு தடவை பாருங்கள். அதுவும் அதையே சொன்னால் கோளாறு பேலன்சரில், கிராங்க் முனையில் டைமிங் கோடு போட்டிருக்கும் சக்கரத்தில். உள் குடத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. வயதாகிப் போனால் வெளி வளையம் நழுவும். கோடு வெளி வளையத்தில் இருப்பதால் அதுவும் சேர்ந்து நகர்ந்துவிடும். டிடிசியை நிரூபிக்காமல் இனி ஒரு டிகிரியும் திருப்ப வேண்டாம்.

ரொறன்ரோபெடியன்
அண்ணை சொல்லுறது சரி. பிஸ்டன் ஸ்டொப் ஒண்டு வாங்குங்கோ, ப்ளக் துவாரத்திலை திருகிற போல்ட்தான், பெரிய விலை இல்லை. பற்றறி வயரைக் கழட்டிப்போட்டுச் செய்யுங்கோ. ஸ்ராட்டரை மட்டும் பாவிக்கப்படாது, பிஸ்டன் ஓட்டையாப் போயிடும். எட்டு ப்ளக்கையும் கழட்டினா கையாலை லேசாச் சுத்தும்.

1ஆம் சிலிண்டர் பிஸ்டன் கொஞ்சம் கீழை நிக்கேக்கை ஸ்டொப்பைத் திருகுங்கோ. கிராங்க் போல்ட்டிலை பெரிய ரச்செற் போட்டு, மெள்ள மணிக்கூட்டுத் திசையிலை சுத்துங்கோ. முட்டினதும் நிப்பாட்டி, கவரிலை இருக்கிற 0 கோட்டுக்கு நேரை பேலன்சரிலை ஒரு கோடு. பிறகு எதிர்ப்பக்கம் சுத்தி, முட்டின இடத்திலை இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுதான் உண்மையான டிடிசி. எதிர்ப்பக்கம் சுத்தேக்கை போல்ட் இளகினா மறுபடி இறுக்க மறக்க வேண்டாம்.

லேத்துபட்டறை (கோவை)
ஒண்ணு சேத்துக்கறேன். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல அளக்கறப்ப ஸ்டீல் ஸ்கேல நேரா வைக்காதீங்க, வளைவு மேல பேப்பர் டேப் ஒட்டி அளங்க. 8 அங்குல பேலன்சர்ல ஒரு டிகிரி 1.77 மில்லிமீட்டர். 6.75 அங்குலத்துல 1.5 மில்லிமீட்டர். டைமிங் டேப் வாங்கினாலும் இந்த வித்தியாசம் பாத்து வாங்கணும்; 8 அங்குலத்துக்குண்டான டேப்ப சின்ன பேலன்சர்ல ஒட்டினா 36ன்னு காட்டற இடத்துல நெசமா 42க்கு மேல நிக்கும்.

அப்பறம், ஒரு வருசத்து பேலன்சரும் இன்னொரு வருசத்து டைமிங் கவரும் கலந்து மாட்டியிருந்தாலும் கோடு பொருந்தாது. ரப்பர் நல்லாருக்கும், ஆனா ஏழெட்டு டிகிரி தப்புக் காட்டும்.

மணல்காற்று
செய்து பார்த்தேன். 8 அங்குல பேலன்சர். இரண்டு கோட்டுக்கும் இடையே வளைவில் 92 மில்லிமீட்டர். நடு 46. பழைய கோடு நடுவிலிருந்து 11 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. நிஜ டிடிசியில் நிறுத்தினால் பழைய கோடு இன்னும் 0க்கு வந்து சேரவில்லை, டிடிசிக்கு முன் பக்கத்திலேயே நிற்கிறது. விரலால் தடவினால் ரப்பர் ஓர் இடத்தில் பிதுங்கி இருக்கிறது.

ஸ்பேனர்916
11ஐ 1.77ஆல் வகுத்தால் 6.2. ஆக நீங்கள் 8 என்று வைத்தது நிஜத்தில் 2. 20 என்று வைத்தது 14. 46 என்பது 40. இப்போது எல்லாம் பொருந்துகிறது: 2இல் ஹெடர் சிவந்தது, 14இல் ஊருக்குள் அருமை, 40இல் ஏற்றத்தில் தட்டல்.

புதுக் கோடு போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நழுவிய வளையம் இன்னும் நழுவும், 5000 ஆர்பிஎம்மில் கழன்று வந்தால் ரேடியேட்டரோடு நிற்காது. பேலன்சர் புதிது. இழுக்கும் கருவி கொண்டு கழற்றி, திருகு வைத்த கருவியால் ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் அடி முழுக்க த்ரஸ்ட் பேரிங்கில் விழும். மாட்டிய பின் பிஸ்டன் ஸ்டாப் சோதனையை மறுபடி ஒரு தடவை.

பிறகு வேலை இரண்டு. உங்கள் மெக்கானிக்கல் 26, அது இந்தக் கேமுக்கு நீளம். இனிஷியல் 14, டோட்டல் 34 வேண்டுமானால் 20தான் வேண்டும். இரண்டாவது, 1000இலேயே 4 டிகிரி ஏறிவிட்டது, 2300இல் எல்லாம் முடிந்துவிட்டது. யாரோ கிட்டில் வரும் மெல்லிய ஸ்ப்ரிங் இரண்டையும் போட்டிருக்கிறார்கள்.

லேத்துபட்டறை
எச்இஐல அது சுலபங்க. கேப்பு, ரோட்டர கழட்டினா வெயிட் ரெண்டும், ஸ்ப்ரிங் ரெண்டும் மேலயே கெடக்கும். வெயிட் தட்டுக்கு அடியில ஒரு பின்னு, அது ஓடறதுக்கு ஒரு வெட்டு. பின்னு மேல பித்தளை புஷ் ஒண்ணு ஏத்தினா ஓட்டம் கொறையும். வெட்டோட கடைசில வெல்டு வெச்சு அரம் போட்டும் கொறைக்கலாம், ஆனா ஜாஸ்தியாயிட்டா திருப்பி அராவணும், புஷ்ஷுதான் நிம்மதி. எத்தன கனம்னு பேப்பர்ல கணக்குப் போட்டுட்டு உக்காராதீங்க. மாட்டுங்க, லைட்ல பாருங்க, கழட்டுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்ல பாதி வேகத்துல சுத்துது. அங்க 1 டிகிரி கொறச்சா கிராங்க்ல 2 கொறையும்.

ஸ்ப்ரிங்கு: ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு ஒரிஜினல் கெட்டி. வெயிட் பின்னு தேஞ்சு பள்ளம் விழுந்திருந்தா எந்த ஸ்ப்ரிங் போட்டும் டைமிங் ஒரே எடத்துல நிக்காது, லைட்ல கோடு ஆடும். திறந்த கையோட மாட்யூலயும் பாத்துடுங்க. அதுக்கடில வெள்ளை ஹீட் பேஸ்ட் காஞ்சிருந்தா தொடச்சிட்டுப் புதுசு தடவுங்க. பேஸ்ட் இல்லாத மாட்யூல் சூட்டுல வண்டிய நடு ரோட்ல நிறுத்தும், ஆறினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

ரொறன்ரோபெடியன்
மின்சாரத்தையும் பாருங்கோ. பொயின்ற் செற் வண்டிக்கு எச்இஐ மாத்தினவை சிலர் பழைய ரெசிஸ்ரர் வயரையே விட்டிடுவினம். எச்இஐக்கு முழு 12 வோல்ற் வேணும். குறைஞ்சா கீழை ஓடும், மேலை மிஸ் அடிக்கும், ரைமிங் பிழை எண்டு நினைச்சு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பித் திருப்பிப் பாப்பியள். ப்ளக் இடைவெளி 0.045 அங்குலம் காணும். 5ஆம், 7ஆம் வயரை ஒட்டி ஓட விட வேண்டாம். 1-8-4-3-6-5-7-2 வரிசையிலை 5 அடிச்ச உடனை 7, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர். ஒண்டின்ரை மின்சாரம் மற்றதுக்குத் தாவினா 7 நேரத்துக்கு முன்னம் அடிக்கும்.

கார்புரேட்டர்காளை
எல்லாம் சரி, வேக்கம் பற்றி யாரும் பேசவில்லையே. அவர் த்ராட்டிலுக்கு மேலே இருக்கும் துளையிலேயே விடட்டும். ஐட்லிங்கில் வேக்கம் அட்வான்ஸ் எதற்கு? பெரிய கேமில் வேக்கம் ஆடும், டைமிங்கும் கூடவே ஆடும், டிரைவில் போட்டால் இன்ஜின் அணைந்துவிடும்.

ஸ்பேனர்916
காளை அண்ணே, நீங்கள் சொல்லும் ஆட்டம் கேனிஸ்டர் (வேக்கத்தால் இழுபட்டு டைமிங்கைத் தள்ளும் டப்பா) தப்பாக இருந்தால் வருவது, துளை தப்பாக இருப்பதால் வருவதில்லை. ஐட்லிங் வேக்கத்தை விட 2 அங்குலம் (பாதரச அளவு) குறைவிலேயே கேனிஸ்டர் முழுக்க இழுத்திருக்க வேண்டும். அவருக்கு ஐட்லிங்கில் 12 அங்குலம் வருகிறது என்று வையுங்கள். 10இல் முழுக்க இழுக்கும் கேனிஸ்டர் போட்டால் 12க்கும் 11க்கும் ஆடினாலும் டைமிங் அசையாது. 15 அங்குலம் கேட்கும் ஃபேக்டரி கேனிஸ்டரைப் போட்டால்தான் நீங்கள் சொல்வது நடக்கும்.

ஐட்லிங்கில் சார்ஜ் கொஞ்சம், அதில் கணிசமான பங்கு பழைய புகை. அது எரிய நேரம் வேண்டும். ஐட்லிங்கிலும் இருக்கும், த்ராட்டிலுக்குக் கீழே எடுக்கும் மேனிஃபோல்டு வேக்கத்தில் 10 டிகிரி கிடைத்தால் அதே ஆர்பிஎம்முக்கு த்ராட்டிலைக் குறைவாகத் திறந்தால் போதும். அவர் மிக்ஸர் ஸ்க்ரூ கேட்காததற்கும் இதுதான் காரணம். டைமிங் 2 டிகிரியில் இருக்கும்போது ஐட்லிங் நிற்க த்ராட்டிலை அதிகம் திறந்து வைத்திருக்கிறார். த்ராட்டில் தகடு ட்ரான்ஸ்ஃபர் வெட்டை (தகடு திறக்கும்போது பெட்ரோல் விடும் நீளத் துளை) தாண்டிவிட்டது, பெட்ரோல் அந்த வழியாகவே போகிறது, ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. தகட்டுக்குக் கீழே வெட்டு 0.020 அங்குலச் சதுரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கார்புரேட்டர்காளை
கேனிஸ்டர் பொருத்தம் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "த்ராட்டிலுக்கு மேல் துளை புகைச் சட்டத்துக்காக வந்தது" என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள், அது முழு உண்மை இல்லை. சட்டத்துக்கு முன்பே அப்படித் துளை வைத்த கார்புரேட்டர்கள் உண்டு. இனிஷியல் 20க்கு மேல் தாங்கும் ரேஸ் இன்ஜினுக்கு மேனிஃபோல்டு வேக்கம் தேவையே இல்லை. இவர் 14இல் நிற்பதால் அவருக்குப் பொருந்தும்.

புதுசுக்குப்பழசு
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டினேன், கடைசி கால் அங்குலம் இறங்க மறுக்கிறது. இறங்கினாலும் ஒரு பல் தள்ளி உட்காருகிறது. ஒரு பல் தள்ளினால் டைமிங் எவ்வளவு போகும்?

ஸ்பேனர்916
இறங்காதது ஆயில் பம்ப் தண்டின் வெட்டு பொருந்தாததால். போல்ட் போட்டு இறுக்கி இறக்காதீர்கள், எதையாவது உடைப்பீர்கள். நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு ஆயில் பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி போடுங்கள். பல் சாய்வாக வெட்டியிருப்பதால் இறங்கும்போது ரோட்டர் சுழலும், அந்தச் சுழற்சியை முன்கூட்டியே கணக்கில் வைத்து ஆரம்பியுங்கள்.

கியரில் 13 பல். ஒரு பல் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் சுமார் 28 டிகிரி, கிராங்கில் 55. ஆனால் பல் தள்ளியது ஒரு குற்றமே இல்லை. உடம்பைத் திருப்ப இடம் இருந்தால், ரோட்டர் காட்டும் இடத்திலிருந்து 1ஆம் வயரை ஆரம்பித்து, மேலிருந்து பார்க்க கடிகாரத் திசையில் வரிசையாக மாட்டினால் இன்ஜினுக்குத் தெரியாது. வேக்கம் கேனிஸ்டர் மேனிஃபோல்டில் முட்டினால் மட்டும் பல்லை மாற்றுங்கள். 1 டிடிசியில் இருக்கும்போது 6உம் டிடிசியில்தான் இருக்கும். கோட்டை மட்டும் நம்பினால் பாதிச் சுற்று தள்ளி மாட்டிவிடுவீர்கள், கார்புரேட்டர் வழியாக நெருப்பு வரும். 1ஆம் ப்ளக் துவாரத்தில் விரல் வைத்து, காற்று தள்ளும் ஏற்றம்தான் என்று பார்த்துக்கொண்டு மாட்டுங்கள்.

மணல்காற்று
பேலன்சர் புதிது, பிஸ்டன் ஸ்டாப்பில் கோடு சரியாக 0. புஷ் இரண்டாம் முயற்சியில் பொருந்தியது. ஸ்ப்ரிங் ஒன்று நடுத்தரம், ஒன்று ஒரிஜினல். ஹோஸ் அடைத்து:
700: 14
1000: 14
1200: 17
1600: 22
2000: 27
2400: 31
2800: 34
3200: 34

10 அங்குலத்தில் முழுக்க இழுக்கும் கேனிஸ்டர் போட்டு மேனிஃபோல்டு வேக்கம் கொடுத்தேன். ஐட்லிங்கில் 24 காட்டுகிறது. வேக்கம் 12இலிருந்து 14 ஆனது, ஐட்லிங் ஸ்க்ரூவை முக்கால் சுற்று வெளியே எடுக்க முடிந்தது. மிக்ஸர் ஸ்க்ரூ இப்போது சொன்னதைக் கேட்கிறது. டிராஃபிக்கில் 94 தாண்டவில்லை.

ஒரே ஒரு குறை. ஏற்றத்தில் முழுக்க மிதித்தால் தட்டல் இல்லை. லேசாக மிதித்து மெதுவாக ஏறினால் மட்டும் சில்லறை குலுக்கினது போல ஒரு சத்தம். டோட்டலை 32க்கு இறக்கவா?

ஸ்பேனர்916
இறக்க வேண்டாம். முழு மிதியில் வேக்கம் பூஜ்யத்துக்குப் பக்கம், அப்போது 34 மட்டும்தான் வேலை செய்கிறது, அதில் சத்தம் இல்லை. லேசான மிதியில் 7, 8 அங்குலம் இருக்கும், கேனிஸ்டர் தன் பங்கைச் சேர்க்கிறது. உறுதி செய்ய ஹோஸைக் கழற்றி அடைத்து அதே ஏற்றத்தில், அதே கியரில், அதே மிதியில் ஒரு தடவை ஏறுங்கள். சத்தம் போனால் குற்றவாளி வேக்கம். போகாவிட்டால்தான் டோட்டலில் கை வைக்க வேண்டும்.

மணல்காற்று
ஹோஸ் இல்லாமல் சத்தமே இல்லை. கேனிஸ்டர் அட்ஜஸ்டபிள்தான். உள்ளே 3/32 ஆலன் கீ விட்டுத் திருகினால் குறையுமா?

லேத்துபட்டறை
அந்த ஸ்க்ரூ ஸ்ப்ரிங்கத்தான் மாத்தும், எத்தன அங்குலத்துல இழுக்க ஆரம்பிக்கும்ங்கறத. மொத்த டிகிரிய அது கொறைக்காது. ஸ்ப்ரிங்கு கெட்டியாகற பக்கம் திருகினீங்கன்னா ஐட்லிங்குல முழுசா இழுக்காம போயி, காளையண்ணன் சொன்ன ஆட்டம் வந்துரும். கேனிஸ்டர் கம்பி இழுக்கற தூரத்தக் கொறைக்கணும். கிட்டுலயே சின்ன ஸ்டாப் தகடு ஒண்ணு வரும், கம்பி போற வழியில மாட்டறது. இல்லாட்டி தகரத்துல வெட்டி நீங்களே பண்ணிக்கலாம். 10 டிகிரிங்கறத 8 ஆக்கி ஏறிப் பாருங்க, கேட்டா 6.

ஸ்பேனர்916
8க்கு இறக்கினால் ஐட்லிங் 22 ஆகும், ஆர்பிஎம் கொஞ்சம் குறையும், ஐட்லிங் ஸ்க்ரூவில் ஒரு கால் சுற்று ஈடு கட்டுங்கள்.

அது முடிந்ததும் புது ப்ளக் போட்டு அதே ஏற்றத்தில் இரண்டு மூன்று தடவை முழு மிதியில் ஏறிவிட்டு, ஐட்லிங்கில் விடாமல் அப்படியே அணைத்து, ஆறினதும் ப்ளக்கைக் கழற்றுங்கள். மேல் கம்பியில் நிறம் மாறிய கோடு வளைவை ஒட்டி இருந்தால் 34 சரி. அடிப்பக்கம், மரை அருகில் இறங்கியிருந்தால் டைமிங் அதிகம், முனையிலேயே நின்றால் குறைவு. வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவினது போலக் கறுப்போ, மினுக்கும் அலுமினியப் புள்ளியோ இருந்தால் காதுக்குக் கேட்காத தட்டல் நடக்கிறது. 2 டிகிரி இறக்கிவிட்டு, சூப்பர் 98 போட்டு மறுபடி பாருங்கள்.

கடைசியாக க்ளாம்ப் போல்ட். வளைந்த 9/16 ஸ்பேனரால் இறுக்கும்போது உடம்பு ஒன்றிரண்டு டிகிரி திரும்பும், அதனால் இறுக்கிய பிறகு 3000இல் இன்னொரு தடவை லைட் அடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள்.